பெண்கள் பக்கத்துக் கமரா

சபூரா உள்ளங்கையைப் படம் காட்டும் இயந்திரத்தின் ஒளி வரும் கண்ணாடியில் வைத்து அழுத்தினார். திரையில் இருந்த சிலேற்றுப் பலகை மறைந்தது. மண்டபம் இருண்டது. விரல் இடுக்குகளில் மட்டும் கொஞ்சம் சிவப்பு.

"சாச்சி, கையை எடுங்கோ, சுடும்," என்றான் றிஸ்லான். இயந்திரத்துக்குப் பின்னால் கதிரையில் இருந்தான்.

"முதல்ல நீங்க வெளிய போங்கோ தம்பி."

"நான் போனா ஆர் படம் ஓட்டுறது?"

"அதைப் பிறகு பாப்பம். எழும்புங்கோ."

"பொம்பிளையளுக்கு மட்டும் எண்டு எனக்கும் தெரியும் சாச்சி. வாசல்ல அந்த பனரைக் கட்டினதே நான்தான்."

"கட்டினவருக்கு வாசிக்கத் தெரியாதா?"

றிஸ்லான் எழுந்தான். நாற்பதைத் தாண்டியவன், பெரிய மீசை. மன்னார் பசாரில் ஒலிபெருக்கியும் திரையும் வாடகைக்குக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறான். கலியாணம், மீலாத் விழா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி எல்லாவற்றுக்கும் போகிறவன். பெண்கள் பகுதிக்குள் வயர் இழுத்திருக்கிறான், மின்விசிறி பூட்டியிருக்கிறான். எந்தக் கலியாண வீட்டிலும் அவனை ஒரு ஆணாக யாரும் கணக்கில் எடுத்ததில்லை. சபூரா எடுத்தார்.

"என்ன கண்டீங்க?"

"சிலேற்றில படத்திட பேர். பவுசர் வராத நாள். அவ்வளவுதான், வல்லாஹி."

"ஆக்களை?"

"ஒருத்தரையும் காணல்ல. பலகைக்குப் பின்னால ஒரு ஆடு நிண்டது. பொம்பிளை மறியாடு எண்டா மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவன் வெளியே போய்க் கதவைச் சாத்தும்வரை சபூரா கையை எடுக்கவில்லை.

சத்தம் கேட்டு நிவேதிகா முன்பக்கத்திலிருந்து ஓடிவந்தாள். மாந்தைப் பக்கத்துப் பிள்ளை, வவுனியாவில் வேலை. பெண்கள் எடுத்த படங்களைத் தேடிப் பிடித்து ஊர் ஊராகக் காட்டுகிற ஒரு குழுவில் இருக்கிறாள். அன்றைய கூட்டத்தை ஒழுங்குசெய்தவள் அவள்தான்.

"அன்ரி, அவர் மெஷின்காரர்தானே. பாக்கிற ஆள் இல்லையே."

"மெஷின்காரருக்குக் கண் இல்லையா மகள்?"

நிவேதிகா இயந்திரத்தைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு, "சரி, எந்த பட்டனை அமத்துறதெண்டு நான் கேட்டு வாறன்," என்றாள்.

"எனக்கும் சொல்லுங்கோ. நானே அமத்துறன்."

வாசல் பனரில் சபூராவின் பெயருக்குக் கீழே 'எங்கள் கரையின் முதற் பெண் இயக்குநர்' என்று போட்டிருந்தது. காலையில் வந்ததும் அதை வாசித்துவிட்டு, "கமராக்காரி எண்டு போட்டிருக்கலாம். அப்பதான் சனத்துக்கு விளங்கும்," என்றார். எருக்கலம்பிட்டியில் அவருக்கு அதுதான் பெயர். வேறு சபூராக்களும் ஊரில் இருக்கிறார்கள்.

கமரா அவருடையது அல்ல. எண்பத்தாறில் அவருடைய கணவர் மர்சூக் குவைத்திலிருந்து கொண்டுவந்தது. தோளில் வைத்துப் பிடிக்கிற பெரிய வகை. மர்சூக் அதை வைத்துத் தொழில் செய்ய நினைத்தார், செய்தார். முதற் கலியாணத்திலேயே பிரச்சினை வந்தது. நிக்காஹ் எழுதுவதையும் மாப்பிள்ளை பால் குடிப்பதையும் ஆண்கள் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றியிருந்து சாப்பிடுவதையும் எடுத்தார். கெசட்டைப் போட்டுப் பார்த்த பெண்ணின் தாய் கேட்டார்: "பொண்ணு எங்க?"

பெண் உள்ளே இருந்தாள். அவளோடு ஊரில் பாதியும் உள்ளே இருந்தது. அங்கே மர்சூக் போக முடியாது.

அடுத்த கலியாணத்தில் சபூரா கமராவோடு உள்ளே போனார். அதற்கு முன் அவர் அதைத் தொட்டது தூசு தட்ட மட்டும். எப்படிப் பிடிப்பது என்று மர்சூக் ஒரு பின்னேரம் முற்றத்தில் காட்டிக்கொடுத்தார். பார்க்கிற துளைக்குள் எல்லாம் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தது. மற்றக் கண்ணை மூடவேண்டாம் என்று மர்சூக் சொன்னார். அந்தக் கண்ணால்தான் அடுத்து என்ன வரப்போகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

பெண்கள் அவரைக் கண்டதும் முக்காட்டை இழுத்தார்கள். "இத ஆர் பாக்கப் போறது?" என்று கேட்டார்கள். சபூரா அங்கேயே ஒரு முறையை வைத்தார். உள்ளே எடுத்த கெசட் தனி. அது மர்சூக்கின் கைக்குப் போகாது. சபூராதான் வெட்டி ஒட்டுவார். முடிந்ததும் பெண்ணின் தாயின் கையில் கொடுப்பார். பிரதி வைத்துக்கொள்ளமாட்டார். அது அமானிதம். ஒருவர் நம்பிக் கொடுத்ததைக் கெடாமல் காப்பது.

இரண்டு வீடியோ டெக்குகளை வைத்து அவர் வேலைசெய்கிற நேரம் மர்சூக் வீட்டில் இருக்கமாட்டார். சேட்டை மாட்டிக்கொண்டு பசாருக்குப் போய்விடுவார். மழை நாளென்றால் பின் விறாந்தையில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். பெண்கள் பகுதிக் கெசட்டுக்குத்தான் வரவேற்பு அதிகம். அங்கேதான் பாட்டு, அங்கேதான் அழுகை, சண்டையும் அங்கேதான். பேசாலையிலிருந்து கூப்பிட்டார்கள். அது கத்தோலிக்க ஊர், பெண்களுக்குத் தனிப் பகுதி என்று ஒன்று இல்லை. ஆனாலும் கலியாணப் பெண்ணை உடுத்திவிடுகிற அறைக்குள் சபூராவைத்தான் விட்டார்கள். தீவுக்கு வெளியே பெருநிலத்தில், பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்திய வீடுகளுக்கும் போனார். அங்கே சாப்பாட்டுக்கு அவருக்கென்று தனிச் சட்டியில் மரக்கறி சமைத்தார்கள்.

தொண்ணூறு வைகாசியில் கமரா பழுதாகிக் கொழும்புக்குத் திருத்தப் போனது. ஆனியில் சண்டை தொடங்கிப் பாதை மூடியது. ஐப்பசியில் இயக்கத்தார் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் எல்லோரும் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டியில் போய் இறங்கினார்கள். டெக்குகள், அலுமாரி, தையல் மெஷின் எல்லாம் வீட்டோடு போயின. கமரா கொழும்பில் ஒரு கடைத் தட்டில் இருந்ததால் தப்பியது. பழுதானதற்கு மர்சூக் அல்லாவுக்கு நன்றி சொன்னார்.

புத்தளத்துக்குப் போகிற வீதியில் ஒரு தென்னந்தோட்டத்தில் அவர்களுடைய முகாம். தென்னோலைக் கிடுகுக் கூரை, கிடுகுச் சுவர். தண்ணீர் பவுசரில், தாங்கி பூட்டிய லொறியில், வரும். சில நாள் வராது. வராத நாளிலும் பெண்கள் குடங்களோடு வரிசையில் நிற்கவேண்டும். அங்கே தொண்ணூற்று மூன்றில் சபூரா ஒரு படம் எடுத்தார். கலியாணங்கள் குறைந்திருந்தன. கமரா சும்மா இருந்தது. கதை எழுதிவைக்கவில்லை. பவுசர் வராத ஒரு நாள்தான் கதை. தோட்டத்தின் ஒரு மூலையைக் கிடுகால் மறைத்து எடுத்தார். நடித்தவர்கள் எல்லோரும் பெண்கள். பார்த்தவர்களும் பெண்கள். ஆண் வேடமும் பெண்களே போட்டார்கள். தண்ணீர் வரிசையை நடத்துகிற பெரிய மனிதராகப் பாத்தும்மா நடித்தார். சாரமும் சேட்டும் கட்டி, சுர்மாவால் மீசை வைத்து, கையில் ஒரு விசிலோடு.

எடுக்கத் தொடங்குமுன் எல்லோரும் சபூராவிடம் ஒரு சொல் வாங்கினார்கள். எந்த ஆணின் கண்ணிலும் இது படக்கூடாது. சபூரா கொடுத்தார்.

படம் முகாமுக்கு முகாம் போனது. மின்சாரம் உள்ள வீடு ஒன்றில் கதவைச் சாத்திப் போடுவார்கள். கலியாணங்களில் பெண் அலங்காரம் முடியும்வரை போட்டுக்கொண்டிருப்பார்கள். சபூரா கூடவே போய்க் கூடவே கெசட்டை எடுத்து வருவார். பிறகு எந்த வீட்டிலும் கெசட் போடுகிற டெக் இல்லாமல் போனது. மர்சூக் மௌத்தாகி அடக்கமானார். ஊருக்குத் திரும்பலாம் என்ற காலம் வந்தது. சபூரா எருக்கலம்பிட்டிக்கு வந்து பற்றை வளர்ந்த காணியைத் துப்புரவாக்கி வீடு கட்டினார். கெசட்டில் பூஞ்சணம் பிடித்தது.

நிவேதிகா வந்து கேட்டபோது அவர் உடனே சம்மதித்ததற்கு ஒரு காரணந்தான். அந்தப் படத்தை அவர் பார்த்ததெல்லாம் கமராத் துளையிலும் சின்ன டிவிப் பெட்டிகளிலும். ஒரு தடவையாவது பெரிதாகப் பார்க்கவேண்டும். கொழும்பில் ஒரு பெண் கெசட்டைக் கழுவிக் கணினிக்கு மாற்றிக் கொடுத்தாள். அது ஓடி முடியும்வரை சபூரா அந்த அறைக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றார்.

பிறகு நடித்தவர்களிடம் ஒவ்வொருவராகப் போய் அனுமதி கேட்டார். மௌத்தானவர்களின் மகள்மாரிடம் கேட்டார். முசலியில் இருக்கிற பாத்தும்மா, "என்ட மீசையப் பெரிசாக் காட்டுறதெண்டா வாறன்," என்றார். மிஞ்சியது கதீஜா. புத்தளத்திலேயே தங்கிவிட்டவர். தொலைபேசியில் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"வாறன் ராத்தா. வந்து சொல்றன்."

கதீஜா வேண்டாமென்றால் படம் இல்லை. சபூரா இதை நிவேதிகாவிடம் முதலிலேயே சொல்லியிருந்தார். நிவேதிகா அதைச் சும்மா ஒரு பேச்சு என்று நினைத்திருந்தாள்.

மதியத்து லுஹர் தொழுகை முடிய சனம் வரத் தொடங்கியது. எருக்கலம்பிட்டியிலிருந்து ஒரு பஸ். பேசாலையிலிருந்து முச்சக்கரவண்டிகள். வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு பசார்ப் பக்கமிருந்து நடந்து வந்தவர்கள். வெளியே வெயிலில் இரண்டு கழுதைகள் மதிலோடு நின்றன. றிஸ்லான் ஜெனரேட்டரை வேப்பமரத்துக்குக் கீழே வைத்துவிட்டு அதற்குப் பக்கத்தில் இருந்தான். மின்சாரம் போனால் அவன் வேண்டும், உள்ளே மட்டும் வேண்டாம்.

புத்தளத்து வான் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் கதீஜாவின் கணவர் அப்துல் ஹமீட். வெள்ளைச் சேட், வெள்ளைத் தொப்பி. முகாமில் கமிட்டிச் செயலாளராக இருந்தவர், இப்போது பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறார். அவர் கதவைத் திறந்துவிட கதீஜா இறங்கினார். யாரையும் பார்க்காமல் நேரே சபூராவிடம் வந்து கையைப் பிடித்தார்.

"உள்ள வாங்கோ ராத்தா. கதைக்கோணும்."

மேடைக்குப் பின்னால் உள்ள சின்ன அறைக்குப் போனார்கள். பாத்தும்மா அங்கே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"வந்திட்டாவா ஹீரோயின்," என்றார் பாத்தும்மா. "கொழுத்துப் போனாய் பிள்ளை. திரைக்குள்ள கொள்ளுவியா?"

கதீஜா சிரிக்கவில்லை.

"ராத்தா, வேணாம்."

சபூரா கதிரையில் இருந்தார். "ஏன்?"

"அவர் வந்திருக்கிறார். தனிய வாறன் எண்டு சொன்னன், விடல்ல. வெளியில மரத்துக்குக் கீழ இருக்கிறார்."

"இருக்கட்டும். கதவு சாத்துவம். சன்னலுக்கெல்லாம் கறுப்புச் சீலை கட்டியிருக்கு."

"கண்ணுக்குச் சீலை கட்டலாம். காதுக்கு?"

அறையில் எல்லோருக்கும் விளங்கியது. படத்தில் பாத்தும்மா நடித்த பெரிய மனிதர் அப்துல் ஹமீட்தான். பெயர் வேறு. ஆனால் தொண்டையை இரண்டு தரம் கனைத்துவிட்டுக் கதைப்பது, வசனத்தின் கடைசிச் சொல்லை இழுப்பது, எதற்கும் "நான் இருக்கிறன்தானே" என்பது எல்லாம் அவருடையது. பாத்தும்மாவுக்கு அதையெல்லாம் பழக்கியவர் கதீஜா. கலியாணம் முடித்த புதிது. பத்தொன்பது வயது. வீட்டில் கேட்டதை வந்து செய்து காட்டுவார். பாத்தும்மா திரும்பச் செய்வார். கிடுகு அதிரச் சிரிப்பார்கள்.

"முப்பது வருஷம் அவருக்கு இது தெரியாம வெச்சிருக்கிறன்," என்றார் கதீஜா. "அவர் ஒரு மாதிரியான மனுசன். ஊர் மதிக்கிற ஆள். பொஞ்சாதியே தன்னை வெச்சுச் சிரிச்சதெண்டு தெரிஞ்சா கோபப்படமாட்டார். கதைக்கமாட்டார். அதுதான் எனக்குப் பயம். ஒருக்கா மருமகனோட கதைக்காம ரெண்டு வருஷ நோன்பு போனது."

"சத்தத்தைக் குறைச்சுப் போடுவம்," என்றார் சபூரா.

"அவர்ர காது உங்களுக்குத் தெரியாது."

"சத்தமே இல்லாமப் போட்டா?"

"அப்ப நான் என்னத்துக்கு?" என்றார் பாத்தும்மா. "மீசைய மட்டும் பாக்கவா சனம் வந்திருக்கு? பொம்பிளட குரலும் ஆம்பிளை கேக்கக் கூடாதெண்டு ஆலிம் சொல்றார். அப்ப இது பிரச்சினை இல்லையே. என்ட குரல் ஆம்பிளக் குரல்தானே."

"பகிடி விடாதீங்க சாச்சி."

"பகிடி இல்ல பிள்ளை. அந்த ஆளுக்கு முன்னால நான்தான் போய் நிண்டு முழிக்கோணும். நீ ஹீரோயின். உனக்கு ஒண்டும் வராது."

கதவைத் தட்டிவிட்டு நிவேதிகா தலையை நீட்டினாள். "அன்ரி, தொடங்குவமா? கதிரை காணாமச் சனம் நிக்குது."

"கொஞ்சம் பொறுங்கோ மகள்."

"ஏதும் பிரச்சினையா?"

"படம் இல்லாமப் போகலாம்."

நிவேதிகா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். "அன்ரி, இவ்வளவு பேர் வந்திருக்கினம். நான் என்ன சொல்லுறது?"

"இயக்குநர் நிப்பாட்டிப்போட்டா எண்டு சொல்லுங்கோ. பனரில போட்டிருக்கிறீங்கதானே."

சபூரா அதைக் கோபத்தில் சொல்லவில்லை. முகம் மட்டும் சுருங்கியிருந்தது. கதீஜா அழத் தொடங்கினார். பாத்தும்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து அவருடைய முதுகைத் தடவினார்.

செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. அப்துல் ஹமீடை எப்படியாவது கொஞ்ச நேரத்துக்கு அங்கிருந்து அனுப்புவது. சபூரா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பின்வாசலால் வெளியே போனார்.

அப்துல் ஹமீட் மரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். பக்கத்தில் றிஸ்லான் ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான். சபூராவைக் கண்டதும் ஹமீட் எழும்பினார்.

"இருங்கோ தம்பி. சாப்பிட்டீங்களா?"

"ஓம் ராத்தா. வாற வழியில சாப்பிட்டனாங்கள்."

"இஞ்ச ஒரே வெக்கை. பெரிய பாலத்தடிக்குப் போனீங்கெண்டா நல்ல காத்து. ஒருக்காப் போய்ட்டு வாங்கோவன். படம் முடிய நான் கோல் எடுக்கிறன்."

ஹமீட் சபூராவைப் பார்த்தார். பிறகு மண்டபத்துக் கதவைப் பார்த்தார். தொண்டையை இரண்டு தரம் கனைத்தார்.

"தண்ணி இல்லாட்டியும்," என்றார், கடைசிச் சொல்லை இழுத்து, "வரிசை வரிசைதான்."

சபூரா அப்படியே நின்றார். அது ஹமீட் எப்போதும் சொன்ன வசனம் அல்ல. அது பாத்தும்மா நடித்துக்கொண்டிருந்தபோது வாயில் வந்ததைச் சொன்னது. படத்தில் மட்டும் உள்ளது. அதைக் கேட்டுப் பின்னால் நின்ற ஒருத்தி சிரித்துக் குடத்தைப் போட்டுவிட்டாள். குடம் உருள்வதும் படத்தில் இருக்கிறது.

"இது எங்க கேட்டீங்க?"

"படம் எடுக்கக்குள்ளயே."

"எங்க நிண்டீங்க?"

"கிடுகுக்கு அந்தப் பக்கம். நான் மட்டுமில்ல ராத்தா. முகாமில பாதி ஆம்பிளையள் அங்கதான். கிடுகு எண்டா என்ன, சுவரா? நீங்க உள்ள தும்மினாலும் எங்களுக்குக் கேக்கும்."

"பாத்தீங்களா?"

"இல்ல. அல்லாட காவல், ஒருத்தரும் பாக்கல்ல. மர்சூக் காக்கா விடல்ல."

"ஆர்?"

"மர்சூக் காக்காதான் எங்களைக் கூட்டிக்கொண்டுபோய் இருத்தினவர். வாங்கடா, என்ட பொஞ்சாதி படம் எடுக்கிறா, சத்தம் போடாமக் கேளுங்க எண்டு. எல்லாருக்கும் முதுகை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு இருக்கோணும். அதுதான் அவர்ர சட்டம். ஒருத்தன் ஓலை ஓட்டையில கண்ணை வெச்சான். காதில பிடிச்சுத் தூக்கி அனுப்பிப்போட்டார். சிரிப்பு வந்தா துண்டை வாயில அடைக்கோணும். அவர் தன்ட துண்டைக் கடிச்சே கிழிச்சுப்போட்டார்."

றிஸ்லான் எண்ணெய்ப் போத்தலைக் கையில் பிடித்தபடி நின்றான்.

மர்சூக் ஒருநாளும் சபூராவிடம் படத்தைப் பற்றிக் கேட்டதில்லை. எடுத்துக்கொண்டிருக்கிற நாட்களில் வெயிலில் எங்காவது போய்விட்டுப் பொழுதுபட வருவார். நல்லா வருதா என்றுகூடக் கேட்டதில்லை. சபூரா அதற்காகக் கோபப்பட்டதும் உண்டு. கேட்காமலே இருந்துவிட்டுப் போய்விட்டார் என்று, அவர் மௌத்தான பிறகும் சில நாட்களில் கோபம் வரும்.

"எனக்குச் சொல்லல்லையே," என்றார்.

"சொன்னா நீங்க நிப்பாட்டிப்போடுவீங்க எண்டு அவருக்குத் தெரியும். நிப்பாட்டினா நாங்க என்னத்தைக் கேக்கிறது? அங்க சிரிக்க வேற என்ன இருந்தது ராத்தா?"

சபூரா மரத்தைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்குக் கோபம் வரல்லையா?" என்று கேட்டார்.

"முதல் நாள் வந்தது. வீட்ட போய்க் கதீஜாவோட சண்டை பிடிக்கோணும் எண்டுதான் எழும்பினன். மர்சூக் காக்கா கையில பிடிச்சு இருத்தினார். பிறகு படத்தில வாற அந்த ஆள் மாதிரிக் கதைக்காம இருக்கப் பார்த்தன். முடியல்ல. கனைக்காட்டி எனக்கு வசனம் வராது."

"அவ உள்ள அழுதுகொண்டிருக்கிறா. உங்களுக்குத் தெரிஞ்சிடுமெண்டு."

ஹமீட் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "அவ மறைக்கிறாவே எண்டு நானும் தெரியாத மாதிரி இருந்திட்டன். அவவுக்கு அது ஒரு சந்தோசம் எண்டு நினைச்சன். பயம் எண்டு தெரியாது."

"நீங்களே சொல்லுங்கோ."

"நான் உள்ள வரக்கூடாதே. நீங்க சொல்லுங்கோ. சத்தத்தை மட்டும் குறைக்க வேணாம் எண்டு சொல்லுங்கோ. வயசு போய்ட்டு, முந்தின காது இல்ல."

சபூரா உள்ளே போய்ச் சொன்னார். ஒரே மூச்சில் சொன்னார். மர்சூக்கின் பெயரைச் சொல்லும்போது மட்டும் நிறுத்தி, பிறகு தொடர்ந்தார்.

கதீஜா முதலில் நம்பவில்லை. பிறகு கோபம் வந்தது. "அப்ப இவ்வளவு காலமும் அந்த மனுசன் கனைச்சதெல்லாம் தெரிஞ்சுகொண்டா? நான் அவர் கனைக்கிற நேரமெல்லாம் சிரிப்பு வராம இருக்கக் குசினிக்குள்ள ஓடினனே! கறி எத்தனை அடிப்பிடிச்சிருக்கு!"

பாத்தும்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். நிவேதிகாவுக்குப் பாதிதான் விளங்கியது. அவளும் சிரித்தாள். கதீஜா முகத்தைக் கழுவிவிட்டு வந்து, "போடுங்கோ ராத்தா. பெரிசாப் போடுங்கோ," என்றார்.

பிறகு வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "ஆனா கண்ணில படப்படாது. அது அது, இது இது."

"அது நான் குடுத்த சொல்லு," என்றார் சபூரா.

சன்னல் சீலைகளை அவரே ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். கதவுகளைப் பூட்டினார். றிஸ்லான் வெளியே நின்று கதவு இடைவெளியால், "சாச்சி, வட்டமா ஒரு பட்டன், அதை ஒருக்கா மட்டும் அமத்துங்கோ. ரெண்டு தரம் அமத்தினா நிண்டுடும்," என்று கத்தினான். சபூரா ஒருதரம் அமத்தினார்.

சிலேற்று வந்தது. ஆடு வந்தது. பிறகு தென்னைகளுக்கு நடுவே வரிசையாகக் குடங்கள், குடங்களுக்குப் பின்னால் பெண்கள், திரை முழுக்க. நிறம் கொஞ்சம் ஊதாவாகப் போயிருந்தது. ஓரத்தில் பூஞ்சணம் தின்ற இடங்கள் வெள்ளையாக மினுங்கின. மண்டபத்தில் யாரோ, "எங்கட உம்மா!" என்றார்கள். சபூரா இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றபடி பார்த்தார். ஒரு இடத்தில் கமரா ஆடியது. அந்த நேரம் தனக்கு இருமல் வந்தது என்று நினைவு வந்தது. ஒரு காட்சி தேவைக்கு மேல் நீளம். அதை அன்றைக்கே வெட்டியிருக்கலாம். மற்றதெல்லாம் சரியாக இருந்தது. சரியாகத்தான் இருந்தது.

பாத்தும்மா விசிலோடு திரையில் வந்தார். மீசை ஒரு ஆள் உயரத்துக்கு இருந்தது. தொண்டையைக் கனைத்தார். முன்வரிசையில் கதீஜா முக்காட்டு நுனியை வாயில் வைத்துக் கடித்தார்.

வெளியே மரத்தடியில் சிரிப்புக் கேட்டது. திரையில் வசனம் இன்னும் வரவில்லை. ஹமீடுக்கு அடுத்து என்ன வருமென்று தெரிந்திருந்தது. வசனம் வந்தது, மண்டபம் சிரித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு இடத்திலும் அப்படித்தான். முதலில் வெளியே, பிறகு உள்ளே. இடையில் றிஸ்லானின் குரலும் கேட்டது. "என்ன காக்கா, என்ன, சொல்லுங்கோவன்!"

படம் முடிந்து விளக்குப் போட்டபோது யாரும் எழும்பவில்லை. மறுபடி போடச் சொன்னார்கள். சபூரா இன்னொருதரம் அமத்தினார். இந்தமுறை ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து பார்த்தார்.

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. காலையில் எருக்கலம்பிட்டியில் மின்சாரம் இல்லை. சபூரா விறகில் தேத்தண்ணி வைத்தார். மீன்காரர் சைக்கிளில் வந்தார், பாரை இருந்தது, வாங்கினார். ஹமீடும் கதீஜாவும் ஊரில் ஒரு உறவு வீட்டில் தங்கியிருந்தார்கள். லுஹருக்குப் பிறகு வந்து சொல்லிக்கொண்டு புத்தளம் போனார்கள். பாத்தும்மா அவர்களோடு வானில் முசலிச் சந்திவரை போனார். நிவேதிகா வவுனியா போய்ச் சேர்ந்துவிட்டதாகத் தகவல் அனுப்பினாள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு தாராபுரத்திலிருந்து ஒருவர் வந்து மகளின் கலியாணத்தில் பெண்கள் பக்கத்தை எடுக்கக் கமராவோடு வரச்சொல்லிக் கேட்டார். எந்த நாள் என்று சபூரா கேட்டார். அவர் சொன்னார். அந்த நாளில் வேறு வேலை இருக்கவில்லை. சபூரா ஓம் என்றார்.